உடைந்த ஜன்னல் கைப்பிடியை நீங்களே மாற்ற: மரம், யு.பி.வி.சி., அலுமினியம், இரும்பு

ஜன்னல் கைப்பிடி கையோடு வந்துவிட்டால் உடனே கடைக்குக் கிளம்ப வேண்டாம். அது ஏன் உடைந்தது என்று முதலில் பாருங்கள். நல்ல கைப்பிடி வெறுமனே திறந்து மூடுவதால் உடைவதில்லை. கதவு நிலையில் சிக்கித் தினமும் இழுத்துத் திறக்க வேண்டியிருக்கும். அல்லது கீல் தளர்ந்து கதவு ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அல்லது கொக்கி போடாத கதவு ஆடிக் காற்றில் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருந்திருக்கும். இந்தப் பலமெல்லாம் கைப்பிடியின் கழுத்திலும் அதன் ஸ்க்ரூக்களிலும்தான் வந்து விழுகிறது. காரணத்தை விட்டுவிட்டுக் கைப்பிடியை மட்டும் மாற்றினால், புதியதும் அதே இடத்தில் போகும்.

கண்டுபிடிப்பது எளிது. கைப்பிடியைத் தொடாமல், கதவின் சட்டத்தைப் பிடித்து மெதுவாக மூடிப் பாருங்கள். எங்கும் உரசாமல் நிலைக்குள் போய் உட்கார வேண்டும். உரசும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளப்பாகவே தெரியும். அடுத்து, கதவைத் திறந்துவைத்து, கைப்பிடி இருக்கும் பக்கத்து ஓரத்தைப் பிடித்து மேலே தூக்குங்கள். 2, 3 மி.மீ. ஆட்டம் கொடுத்தால் கீலின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது கீலின் நடுக்கம்பி தேய்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகுதான் கைப்பிடி வேலை.

மரக் கதவு ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் சிக்குகிறது என்றால் மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது. அந்த நேரத்தில் இழைப்புளி போடாதீர்கள். மழையில் இழைத்த கதவு சித்திரை வெயிலில் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்குச் சந்து விடும். இப்போதைக்கு உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். மாசி வாக்கில் மரம் நன்றாகக் காய்ந்த பிறகும் உரசினால் அப்போது இழைக்கலாம். இழைத்த இடத்துக்கும், கதவின் மேல் ஓரம், கீழ் ஓரத்துக்கும் மறக்காமல் பெயின்ட் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாது என்று அந்த இரண்டு ஓரங்களையும் பூசாமல் விட்டுவிடுவது வழக்கம். கதவு தண்ணீர் குடிப்பது அங்கேதான்.

இனி வேலை. உங்கள் ஜன்னல் எந்த வகை என்பதைப் பொறுத்து முறை அடியோடு மாறும். ஆனால் எந்த வகையானாலும் மூன்று விஷயங்கள் பொது. பழைய கைப்பிடியையும் அதன் ஒரு ஸ்க்ரூவையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்; செல்போன் படம் மட்டும் போதாது, படத்தில் 43 மி.மீ.யும் 48 மி.மீ.யும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கைப்பிடியைக் கழற்றும் முன் கதவை ஒரு கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள், காற்று அடித்தால் விரல் நசுங்கும். மாடியில், கம்பி இல்லாத ஜன்னலில் வெளியே எட்டிச் செய்ய வேண்டிய வேலை எதுவாக இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள், ஆளை வரவழையுங்கள்.

மர ஜன்னல்

நம் வீடுகளில் மர ஜன்னல் பெரும்பாலும் வெளிப்பக்கம் திறக்கும், உள்பக்கம் கம்பி இருக்கும். கைப்பிடி இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார வேண்டும். ஆகவே கடைக்குப் போகும் முன் எடுக்க வேண்டிய முதல் அளவு, மூடிய கதவுக்கும் கம்பிக்கும் இடையே உள்ள ஆழம். கைப்பிடி கதவிலிருந்து எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறதோ அது இந்த ஆழத்தைவிட 10 மி.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும். அழகாக இருக்கிறதென்று பெரிய டி வடிவக் கைப்பிடியை வாங்கிவந்து மாட்டினால், கதவு மூடும்போது அது கம்பியில் இடிக்கும். கொசுவலை வெல்க்ரோ ஒட்டியிருந்தால் வலைக்கும் சேர்த்து இடம் விடுங்கள். இன்னொன்று, கைப்பிடி ஒரு கம்பிக்கு நேர் பின்னால் வரக்கூடாது. இரண்டு கம்பிகளின் நடுச்சந்துக்கு நேராக வந்தால்தான் கையை விட்டுப் பிடிக்க முடியும்.

அடுத்த அளவு, ஸ்க்ரூ துளைகளின் நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளி வரை உள்ள தூரம். கடையில் 'நாலு இஞ்ச் கைப்பிடி' என்றால் 100 மி.மீ., 'அஞ்சு இஞ்ச்' என்றால் 125 மி.மீ.; ஆனால் அது கைப்பிடியின் மொத்த நீளமாகவும் இருக்கலாம், துளைத் தூரமாகவும் இருக்கலாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதன் மேல் புதியதை வைத்துப் பார்த்து வாங்குவதே சரி.

ஸ்க்ரூவுக்கு இரண்டு எண்கள்: நீளம் மி.மீ.யில், தடிமன் நம்பரில். 6 நம்பர் என்றால் சுமார் 3.5 மி.மீ. தடிமன், 8 நம்பர் என்றால் சுமார் 4.2 மி.மீ. சாதாரண ஜன்னல் கைப்பிடிக்கு 25×6 போதும். கனமான பித்தளைக் கைப்பிடிக்கு 25×8. கதவுப் பலகை 25 மி.மீ. தடிமன்தான் இருக்கிறது என்றால் 19 மி.மீ. ஸ்க்ரூ வாங்குங்கள், இல்லாவிட்டால் முனை வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கும், அந்த வழியே மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். கண்ணாடி பதித்த கதவில் சட்டத்தின் நடுவிலேயே ஸ்க்ரூ இறங்க வேண்டும். கண்ணாடி உட்காரும் பள்ளத்துப் பக்கம் போனால் கண்ணாடி விரியும்.

பழைய ஸ்க்ரூவைக் கழற்றுவதில்தான் பாதி நேரம் போகும். ஸ்க்ரூ தலைப் பள்ளத்தில் எத்தனை பூச்சு பெயின்ட் படிந்திருக்கிறதோ அத்தனையையும் கூர்மையான ஆணியால் சுரண்டி எடுங்கள். திருப்புளியின் வாய், பள்ளத்தை முழு அகலத்துக்கும் நிறைக்க வேண்டும். சின்னத் திருப்புளியால் முயன்றால் தலை மொட்டையாகிவிடும். துருப்பிடித்திருந்தால் டபிள்யூ.டி.40 போல ஏதாவது ஊடுருவும் எண்ணெயை விட்டு அரை மணி நேரம் காத்திருந்து, திருப்புளியைப் பள்ளத்தில் வைத்துச் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள். பிறகு முதலில் ஒரு நூலளவு இறுக்கும் பக்கம் திருப்பி, அதன்பின் கழற்றுங்கள். துருவின் பிடி விடுவது இந்த முதல் அசைவில்தான்.

தலை மொட்டையாகிவிட்டால், ஹாக்ஸா பிளேடால் தலையின் குறுக்கே புதுப் பள்ளம் அறுக்கலாம். தலையே முறிந்துபோனால் மிச்சமிருக்கும் தண்டை வைஸ் கிரிப் பிளையரால் (பிடித்ததும் பூட்டிக்கொள்ளும் குறடு) பிடித்துத் திருகுங்கள். பிடிக்கவே வழியில்லாமல் மரத்துக்குள் முறிந்திருந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். கைப்பிடியை 15 மி.மீ. மேலே அல்லது கீழே நகர்த்திப் புது மரத்தில் பொருத்துவது, தேக்கைக் குடைந்து சிதைப்பதைவிட எவ்வளவோ மேல்.

ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பழைய ஜன்னலைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி பறக்கவிடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரைப் பயன்படுத்தி, ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். குழந்தைகள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

துளை பெரிதாகி ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது என்பதுதான் மரக் கதவில் அதிகம் வரும் புகார். கைப்பிடி உடையாமலேயே ஆடும். இதற்குப் பெரிய ஸ்க்ரூ போடுவது குறுக்கு வழி. 6 நம்பர் போட்ட துளையில் 8 நம்பர் சில மாதம் பிடிக்கும், பிறகு அதுவும் சுற்றும், மேலும் அதன் தலை கைப்பிடியின் குழியில் சரியாக அமராமல் துருத்தும். துளையை நிரப்புங்கள். தீக்குச்சியை ஒடித்துப் போடுவது பலரும் செய்வது, ஆனால் தீக்குச்சி மெத்தென்ற மரம், தேக்குக்கு ஈடாகப் பிடிக்காது. மூங்கில் குச்சி நல்லது. துளையை ஊதிச் சுத்தம் செய்து, தண்ணீர் தாங்கும் மரப் பசையை உள்ளே விட்டு, குச்சிகளை நெருக்கமாக அடித்து இறக்கி, ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, மேல்மட்டத்துக்குச் சமமாக வெட்டிவிடுங்கள். துளை மிகவும் சிதைந்திருந்தால் 8 மி.மீ. டிரில் பிட்டால் வட்டமாகக் குடைந்து, அதே தடிமனுள்ள மரக்கட்டையைப் பசையோடு அடிக்கலாம். கரையான் அரித்தோ மக்கியோ போன சட்டத்தில் எந்தப் பசையும் உதவாது. அங்கே எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட்டைக் கதவின் குறுக்கே முழுதும் விட்டு, திருப்புளிப் பள்ளம் இல்லாத உருண்டைத் தலை வெளியே, நட்டும் வாஷரும் உள்ளே வரும்படி முடுக்குங்கள். வெளியிலிருந்து யாரும் கழற்ற முடியாது. தலையைச் சுற்றிச் சிலிக்கான் பூசினால் மழை இறங்காது.

புதுக் கைப்பிடியின் துளை, பழைய துளையோடு அரைகுறையாக மோதினால் டிரில் பிட் வழுக்கிப் பழைய துளைக்கே போய்விடும். அப்போதும் பழையதை நிரப்பிவிட்டு, ஆணியால் புள்ளி குத்தி, புதிதாகத் துளையிடுங்கள். தேக்கில் 6 நம்பர் ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ., 8 நம்பருக்கு 3 மி.மீ. பிட். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பிட்டின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ மரையில் மெழுகு தடவுங்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும், இரும்பு ஸ்க்ரூ அதனாலேயே துருப்பிடிக்கும். பித்தளை ஸ்க்ரூவாக இருந்தால் நேரடியாகத் தேக்கில் முடுக்கினால் தலை திருகிக் கையோடு வரும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஒருமுறை முழுக்க இறக்கிக் கழற்றிவிட்டு, அந்தத் தடத்தில் பித்தளையை இறக்குங்கள்.

கம்பிக்குள் டிரில் மெஷின் நுழையாது. 150 மி.மீ. நீள பிட் எக்ஸ்டென்ஷன் ஒன்று வாங்கிக்கொண்டால், கதவை மூடி வைத்தபடியே, கம்பிச் சந்து வழியாக எல்லா வேலையையும் செய்துவிடலாம். காந்தமுள்ள திருப்புளி இரும்பு ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும். பித்தளை, எவர்சில்வர் ஸ்க்ரூவைப் பிடிக்காது. திருப்புளி முனையில் துளி கிரீஸ் தொட்டுக்கொண்டால் ஸ்க்ரூ கீழே விழாமல் ஒட்டி நிற்கும்.

முதலில் எல்லா ஸ்க்ரூவையும் பாதி இறக்கி, கைப்பிடி நேராக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கைப்பிடி ஒரு நூல் சாய்ந்தே நிற்கும்.

செட்டிநாட்டு வீடுகளைப் போன்ற பழைய வீடுகளில் கனமான வார்ப்புப் பித்தளைக் கைப்பிடி, கொண்டிகள் இருக்கும். அவற்றுக்கு இன்றைய கடைகளில் ஜோடி கிடைப்பது அரிது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த வீடுகளின் பழம்பொருட்கள் விற்கும் கடைகளில் தேடலாம். போகும்போது சின்னக் காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

யு.பி.வி.சி. ஜன்னல்

இது கெட்டியான பிளாஸ்டிக் சட்டமுள்ள ஜன்னல். அடுக்குமாடி வீடுகளில் இப்போது நிறையப் பார்க்கலாம். இங்கே கைப்பிடி வெறும் பிடி அல்ல, பூட்டின் சாவி மாதிரி. கைப்பிடியின் பின்னால் ஒரு சதுரத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அது கதவுச் சட்டத்துக்குள் இருக்கும் கியர் பெட்டியில் நுழைந்து, கதவின் ஓரம் நெடுகப் போகும் இரும்புப் பட்டையை மேலும் கீழும் நகர்த்தும். பட்டையில் உள்ள குமிழ்கள் நிலையில் உள்ள கொக்கிகளில் போய் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே முதல் கேள்வி, போனது கைப்பிடியா, கியர் பெட்டியா? தெரியாமல் கைப்பிடியை வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. ஜன்னல் திறந்திருக்கும்போது கைப்பிடியைக் கழற்றி, சதுரத் துளைக்குள் தட்டைத் திருப்புளியை விட்டுத் திருப்புங்கள். ஓரத்துக் குமிழ்கள் நகர்ந்தால் கியர் பெட்டி நலம், கைப்பிடிதான் போயிருக்கிறது. துளை சும்மா சுற்றி, குமிழ் அசையாவிட்டால் கியர் பெட்டி போய்விட்டது. எவ்வளவு நல்ல கைப்பிடி போட்டாலும் பூட்டாது. மூன்றாவது ஒன்றும் உண்டு: கதவு திறந்திருக்கும்போது கைப்பிடி வெண்ணெயாகத் திரும்புகிறது, மூடினால் மட்டும் இறுகுகிறது. இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன. கதவு தொங்கி, குமிழ்கள் கொக்கிகளுக்கு நேராக வரவில்லை. இதைக் கவனிக்காமல் பலம் கொடுத்துத் திருப்பியதால்தான் பெரும்பாலான கைப்பிடிகள் முறிகின்றன. பூட்டுள்ள கைப்பிடியில் சாவி போட்டிருப்பதை மறந்து திருகுவது அடுத்த காரணம்.

ஜன்னல் மூடிய நிலையில் தண்டு முறிந்து, திறக்க முடியாமல் போனால் பயப்பட வேண்டாம். கைப்பிடியின் அடித்தட்டைக் கழற்றினால் சதுரத் துளை தெரியும். மிச்சத் தண்டு வெளியே தெரிந்தால் மூக்குக் குறடால் இழுத்து எடுத்து, திருப்புளியால் கால் சுற்று திருப்பினால் திறந்துவிடும்.

கழற்றும்போது கைப்பிடியைத் திறந்த நிலையில், படுக்கையாக வையுங்கள். ஸ்க்ரூ தலைகள் அடித்தட்டில் சின்னப் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே ஒளிந்திருக்கும். சில கைப்பிடிகளில் அடித்தட்டு உறையையே லேசாக நெம்பி 90 டிகிரி திருப்பினால்தான் தெரியும். மூடியைக் குத்தி உடைக்காமல் மெல்லிய பிளேடால் நெம்புங்கள்.

இப்போது நான்கு அளவுகள். ஒன்றுகூடத் தவறக்கூடாது.

ஸ்க்ரூ துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு: பொதுவாக 43 மி.மீ. உங்களுடையதும் அதுதானா என்று அளந்தே தீருங்கள்.

தண்டின் தடிமன்: பெரும்பாலும் 7 மி.மீ. சதுரம்.

தண்டின் நீளம்: அடித்தட்டின் பின்பக்கத்திலிருந்து தண்டின் நுனி வரை. அதிகம் தவறுவது இந்த அளவில்தான். குட்டையான தண்டு கியர் பெட்டியில் நுனியளவு மட்டும் மாட்டும். முதல் வாரம் வேலை செய்யும், பிறகு சதுரத்தின் முனைகளைத் தேய்த்து வட்டமாக்கி, கியர் பெட்டியையும் சேர்த்துக் கெடுக்கும். நீளமான தண்டு உள்ளே போய் முட்டி, அடித்தட்டு சட்டத்தில் ஒட்டாமல் நிற்கும். ஆகவே சரியான நீளம் கடையில் இல்லையென்றால் நீளமானதை வாங்கி ஹாக்ஸாவால் அறுங்கள், அறுத்த விளிம்பை அரத்தால் ராவுங்கள். குட்டையானதை ஒருபோதும் வாங்காதீர்கள்.

ஸ்க்ரூவின் நீளம்: எம்5 மெஷின் ஸ்க்ரூ, சட்டத்தைத் தாண்டிப் போய்க் கியர் பெட்டியின் மரையில் முடுக வேண்டும். கைப்பிடியோடு பெட்டியில் வரும் ஸ்க்ரூ உங்கள் சட்டத்துக்குப் பொருந்தும் என்று நம்பாதீர்கள். பழைய ஸ்க்ரூவோடு வைத்துப் பாருங்கள். குட்டையாக இருந்தால் இரண்டு மரை மட்டும் பிடித்துப் பிய்த்துக்கொண்டு வரும். நீளமாக இருந்தால் உள்ளே எதிர்ச்சுவரில் முட்டி, கைப்பிடி இறுக்கமாகிவிடும். புதுக் கைப்பிடி மாட்டியதும் திருப்ப முடியவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும்.

கைப்பிடியின் தண்டுப் பகுதி ஒரு பக்கம் வளைந்திருந்தால் இடது, வலது பார்த்து வாங்க வேண்டும். நேராக இருந்தால் இரண்டு பக்கமும் பொருந்தும். உள்பக்கம் வலைக் கதவு ஓடுகிறதா? கைப்பிடி வலையில் உரசாத அளவுக்குத் தாழ்வாக இருக்க வேண்டும்.

மாட்டும்போது கதவு திறந்தே இருக்கட்டும். கியர் பெட்டி திறந்த நிலையில் இருப்பதால் புதுக் கைப்பிடியையும் படுக்கையாக, திறந்த நிலைக்குத் திருப்பிவைத்து நுழைத்துவிடுங்கள். இதைக் கவனிக்காவிட்டால் கைப்பிடி கால் சுற்று மாறி உட்கார்ந்து, மூடியிருக்கும்போது திறந்தது போல் காட்டும். தண்டு இலகுவாக உள்ளே போக வேண்டும், சுத்தியலால் தட்டி இறக்கக் கூடாது. ஸ்க்ரூவை இறுதிவரை கையாலேயே முடுக்குங்கள். டிரில் மெஷின் வைத்தால் கியர் பெட்டியின் மரை ஒரு நொடியில் போய்விடும். மூடுவதற்கு முன், கதவு திறந்த நிலையிலேயே கைப்பிடியைப் பத்துமுறை திருப்பிப் பாருங்கள். ஏதாவது பிழை இருந்தால் இப்போதே தெரியட்டும், மூடிப் பூட்டிக்கொண்ட பிறகு தெரிய வேண்டாம்.

கியர் பெட்டி போயிருந்தால், கதவின் ஓரத்தில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பட்டையோடு சேர்ந்து வெளியே வரும். அதன் முகப்புத் தகட்டிலிருந்து சதுரத் துளையின் நடு வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 15, 20, 22, 25 மி.மீ. என்று பல வகை உண்டு. பட்டையின் மொத்த நீளமும், குமிழ்கள் இருக்கும் இடங்களும் பொருந்த வேண்டும். கையோடு கொண்டுபோய்க் காட்டினாலொழியச் சரியானது கிடைக்காது.

கதவு தொங்குவதற்கு இரண்டு காரணங்கள். கீலுக்குப் பதிலாக மேலும் கீழும் கதவைத் தாங்கும் எவர்சில்வர் தாங்கிகளின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். அதை நீங்களே முடுக்கலாம். அல்லது கண்ணாடிக்குக் கீழே வைத்த பிளாஸ்டிக் துண்டுகள் நகர்ந்திருக்கலாம். அதற்குக் கண்ணாடியைத் தளர்த்த வேண்டும், ஜன்னல் போட்டவர்களை அழைப்பதே நல்லது. கனமான இரட்டைக் கண்ணாடியை ஒற்றை ஆளாகக் கழற்றுவது கையையும் காலையும் பதம் பார்க்கும்.

அலுமினியம் ஸ்லைடிங்

இதில் கைப்பிடியும் லாக்கும் ஒன்றாகவே இருக்கும். சட்டத்தின் ஓரத்தில் வெட்டிய பள்ளத்தில் உட்கார்ந்து ஒன்றிரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். பழையதைக் கழற்றி, பள்ளத்தின் நீள அகலத்தையும் கொக்கியின் திசையையும் பார்த்து அதே அளவு வாங்கினால் பத்து நிமிட வேலை. ஆனால் ஒரே ஒரு தவறு மொத்தக் கண்ணாடியையும் காவு வாங்கிவிடும்: ஸ்க்ரூ நீளம். இந்தச் சட்டத்துக்குள்ளேயேதான் கண்ணாடியின் விளிம்பு இருக்கிறது. பழைய ஸ்க்ரூவைவிட நீளமானதைப் போட்டால் நுனி கண்ணாடியில் குத்தும். சாதாரணக் கண்ணாடி கீறிடும். டஃபன்ட் (சூடாக்கிக் கெட்டிப்படுத்திய) கண்ணாடி, விளிம்பில் பட்ட அந்த ஒரு குத்துக்கே முழுதாகப் பொடிந்து கொட்டும். பழைய நீளத்தைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

லாக் மாட்டிய பிறகும் கொக்கி எதிர்த் தகட்டில் விழவில்லையா? கீழே உள்ள ரோலர் தேய்ந்து கதவு இறங்கியிருக்கும். கதவின் கீழ்ப்பக்க ஓரத்தில் சின்னத் துளை இருந்தால் அதற்குள் உள்ள ஸ்க்ரூவைத் திருப்பி ரோலரை உயர்த்தலாம். துளை இல்லாவிட்டால் ரோலரையே மாற்ற வேண்டும். எதிர்த் தகட்டை அரத்தால் ராவி ஒப்பேற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள். அதற்கு முன், தண்டவாளத்தில் சேர்ந்திருக்கும் மணலைப் பழைய டூத்பிரஷ்ஷால் எடுத்துப் பாருங்கள். ரோலர் தேய்ந்ததாக நினைத்தது பல வேளைகளில் வெறும் மண்ணாகத்தான் இருக்கும்.

அலுமினியத் தகட்டில் மரை போய்விட்டால் 4 மி.மீ. பாப் ரிவெட் (ஒரு பக்கமிருந்தே அடிக்கக்கூடிய, பின்னால் உப்பிப் பிடிக்கும் ஆணி) அடிக்கலாம், 4.1 மி.மீ. துளை வேண்டும். பின்னால் ரிவெட் உப்பும் இடத்தில் கண்ணாடி இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரும்பு ஜன்னல்

பழைய அரசுக் குடியிருப்புகளிலும் 1960, 70களில் கட்டிய வீடுகளிலும் காணும் மெல்லிய இரும்புச் சட்ட ஜன்னலுக்கு ஐ.எஸ். 1038 என்ற இந்தியத் தரம் உண்டு. அதன் கைப்பிடியில், நிலையில் மாட்டும் மூக்கில் இரண்டு படி இருக்கும்: ஒன்று இறுக மூட, இன்னொன்று காற்றுக்காகச் சற்றே திறந்துவைத்துப் பூட்ட. கடையில் கிடைக்கும் மலிவான மாற்றில் ஒரு படிதான் இருக்கும். இரண்டு படி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், மழை நேரத்தில் அருமை தெரியும்.

பல ஜன்னல்களில் கைப்பிடி ரிவெட் அடித்து இருக்கும். ரிவெட்டின் தலையை அரத்தால் ராவி எடுத்து, நடுவில் பஞ்ச் குத்தி, 4.2 மி.மீ. பிட்டால் துளையிட்டு, எம்5 டேப்பால் (மரை வெட்டும் கருவி) மரை போடுங்கள். சட்டம் சுமார் 3 மி.மீ. தடிமன்தான், மூன்று நான்கு மரைதான் கிடைக்கும். அது போதும், ஆனால் டேப்பை நேராகப் பிடிக்க வேண்டும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, இடையிடையே எண்ணெய். கைப்பிடி ரிவெட்டுக்குப் பதில் ஸ்க்ரூவில் நிற்கும் இடங்களில், பழைய ஜன்னல் என்றால் அங்குல மரையாக இருக்கலாம். எம்5 ஸ்க்ரூ இரண்டு சுற்றில் நின்றுவிட்டால் பலம் கொடுக்காமல், எம்6 டேப்புக்காக 5 மி.மீ. துளையிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பெயின்ட் உரிந்த இடமெல்லாம் அன்றைக்கே ரெட் ஆக்சைடு (துருவைத் தடுக்கும் முதல் பூச்சு) பூசுங்கள்.

எந்த உலோகம்?

மலிவான கைப்பிடிகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வளையாது, ஒரேயடியாக முறியும். உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தால் அதுதான். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மேல்முலாம் கொப்புளித்து வெள்ளைப் பொடி கிளம்பும். அங்கே 304 கிரேடு எவர்சில்வர் அல்லது கெட்டிப் பித்தளை வாங்குங்கள். கடைக்காரர் காந்தம் வைத்து, ஒட்டவில்லை பாருங்கள், 304 என்பார். விலை குறைந்த 202 கிரேடும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனை இரண்டையும் பிரிக்காது. கிரேடு பொறித்த பொருளையும், பில்லில் கிரேடு எழுதித் தருபவரையும் தேடுங்கள். 304இலும் உப்புக் காற்றால் பழுப்புக் கறை வரும். மாதமொரு முறை நல்ல தண்ணீரில் துடைத்தால் போதும்.

ஸ்க்ரூவும் கைப்பிடிக்கு ஏற்றதாக இருக்கட்டும். பித்தளைக் கைப்பிடிக்குப் பித்தளை ஸ்க்ரூ. அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் ஸ்க்ரூ போட்டால், கடலோரத்தில் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்து ஸ்க்ரூ கழற்ற முடியாதபடி இறுகிவிடும். முடுக்கும் முன் மரையில் கொஞ்சம் கிரீஸோ வாசலினோ தடவினால் ஐந்து வருடம் கழித்துக் கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

மாட்டி முடித்த பிறகு

ஒரு நீளக் காகிதத் துண்டைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே வைத்து மூடிப் பூட்டி, வெளியே இழுங்கள். பிடித்து நிற்க வேண்டும். மேலே பிடித்து, கீழே வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு இன்னும் சாய்வாகத்தான் இருக்கிறது. சிலிக்கான் ஸ்பிரேயை நகரும் பாகங்களில் அடிக்கலாம், யு.பி.வி.சி. தாங்கியின் உரசும் கட்டையில் மட்டும் படக்கூடாது, பட்டால் கதவு காற்றில் நிற்காது. மர ஜன்னலில் கொக்கி இல்லையென்றால் இதே நாளில் ஒன்று போட்டுவிடுங்கள். நிலையில் கொக்கி, கதவில் வளையம். திறந்த கதவு காற்றில் துளியும் அசையாதபடி இழுத்து மாட்டும் நீளம்.

மர ஜன்னலில் போட்ட ஸ்க்ரூக்களை இரண்டு வாரம் கழித்து ஒருமுறை கையால் முடுக்கிப் பாருங்கள், கால் சுற்று வரை இறங்கும். உடைந்த பழைய கைப்பிடியைக் குப்பையில் போட வேண்டாம். வாங்கிய கைப்பிடியின் அளவுகளை ஒரு சீட்டில் எழுதி அதோடு சுற்றி டூல் பெட்டியில் போட்டுவையுங்கள். ஒரே நாளில் மாட்டிய ஜன்னல்களில் ஒன்று போனால், அடுத்தது அதிக நாள் தாங்காது.